தங்கம் பூசினால் கண்ணாடி வளையும்: பாலிமம்ப்ஸ் சேவை பற்றி

ஒளியைத் திருப்பும் மைக்ரோ கண்ணாடி செய்ய வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: பாலிமம்ப்ஸ் என்ற சில்லு தயாரிப்புச் சேவையில் கொடுக்கலாமா? தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் கண்ணாடி 100 மைக்ரானைத் தாண்டினால், எந்த அடுக்கின் மேல் தங்கம் போடுகிறீர்கள் என்பதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்யும். மேல் பாலிசிலிக்கான் (பல சிறு படிகங்களாலான சிலிக்கான், சுருக்கமாகப் பாலி) அடுக்கில் மட்டும் வரைந்து, அதன் மேல் தங்கம் போட்டு, தட்டையாக வரும் என்று காத்திருந்தால் தட்டையாக வராது. இதைச் சொல்லத்தான் இந்த விமர்சனம். இந்தச் சேவையில் செய்த சில்லுகளைத்தான் பெங்களூரில் எங்கள் ஆய்வகத்தில் நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து அளந்துகொண்டிருக்கிறேன். அதனால் கிட்டத்திலிருந்து பார்த்ததை எழுதுகிறேன்.

புதியவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. பாலிமம்ப்ஸ் என்பது பலர் ஒரே வேஃபரை, அதாவது வட்டச் சிலிக்கான் தகட்டை, பகிர்ந்துகொள்ளும் மெம்ஸ் (நுண்ணிய நகரும் கருவிகள்) தயாரிப்புச் சேவை. அமெரிக்காவின் வட கரோலினாவில், எம்.சி.என்.சி. என்ற நுண்மின்னணு மையத்தில், ராணுவ ஆய்வுக்கு நிதி தரும் டார்பா அமைப்பின் ஆதரவோடு 1992இல் தொடங்கியது. பிறகு குரோனோஸ், ஜே.டி.எஸ். யூனிஃபேஸ், மெம்ஸ்கேப் என்று கை மாறி வந்தது. நாம் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் பரப்பில் லேயவுட் (அடுக்குகளின் வரைபடம்) வரைந்து அனுப்ப வேண்டும். மற்றவர்கள் அனுப்பியதையும் சேர்த்து ஒரே மாஸ்க் செட்டில் (வடிவங்களை வேஃபரில் பதிக்கும் தட்டுகளில்) போட்டு, ஒரே ஓட்டமாகச் செய்து, வெட்டி, நம்முடையதில் 15 டைகளை (வெட்டிய சில்லுகளை) அனுப்பிவைப்பார்கள். செயல்முறை எல்லோருக்கும் ஒன்றே. எனக்கு மட்டும் தங்கத்தைக் கொஞ்சம் மெல்லிசாகப் போடுங்கள் என்றெல்லாம் கேட்க முடியாது. இந்த வளையாத் தன்மையே இதன் பலமும்கூட. முப்பது ஆண்டுகளாக உலகம் முழுக்க ஆய்வாளர்கள் அதே படலங்களை அளந்து எழுதிவைத்திருப்பதால், நம் கண்ணாடி எப்படி வளையும் என்பதைச் சில்லு வருவதற்கு முன்பே பெரும்பாலும் கணக்குப் போட்டுவிடலாம்.

படலங்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். சிலிக்கான் வேஃபரின் மேல் 0.6 மைக்ரான் சிலிக்கான் நைட்ரைடு. அதன் மேல் 0.5 மைக்ரான் பாலிசிலிக்கான். இது நகராது, மின்முனைக்கும் வயரிங்குக்கும்தான். பிறகு 2 மைக்ரான் பாஸ்பரஸ் கலந்த ஆக்சைடு, கடைசியில் கரைத்து எடுத்துவிடுவதற்கு. அதற்கு மேல் 2 மைக்ரான் தடிமனில் முதல் நகரும் பாலி, மறுபடி 0.75 மைக்ரான் ஆக்சைடு, 1.5 மைக்ரானில் இரண்டாவது நகரும் பாலி, எல்லாவற்றுக்கும் மேலே அரை மைக்ரான் தங்கம். மொத்தம் எட்டு மாஸ்க். மிகச் சிறிய கோடு 2 மைக்ரான்.

நகரும் பாலி அடுக்குகளை இவர்கள் கையாளும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒவ்வொன்றின் மேலும் 0.2 மைக்ரான் பாஸ்பரஸ் ஆக்சைடைப் போட்டு, 1050 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் சுடுகிறார்கள். மேலேயும் ஆக்சைடு, கீழேயும் ஆக்சைடு. இரண்டு பக்கத்திலிருந்தும் பாஸ்பரஸ் உள்ளே இறங்குகிறது. அதனால் படலத்தின் மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் பெரிய வேறுபாடு இருக்காது. அதோடு, படிந்தபோது உள்ளே சேர்ந்த நெருக்கமும் அந்தச் சூட்டில் பெருமளவு தணிந்துவிடும். செய்து முடித்த பிறகும் படலத்துக்குள் தங்கிவிடும் இந்த நெருக்கத்தையும் இழுப்பையும்தான் எச்சத் தகைவு என்கிறோம். பாலிமம்ப்ஸ் பாலியில் அது பெரும்பாலும் 10 மெகாபாஸ்கல் அளவிலான நெருக்கம், அவ்வளவுதான். தங்கம் பூசாத வெறும் பாலியில் ஒரு நீளக் கை வரைந்து ஒரு முனையை மட்டும் பிடித்துவைத்தால், அது கிட்டத்தட்ட நேராகவே நிற்கும். முதன்முதலில் இன்டர்ஃபெரோமீட்டரில் (உயர வித்தியாசத்தை ஒளிப்பட்டைகளாகக் காட்டும் கருவி) பார்த்தபோது, கையின் அடியிலிருந்து நுனிவரை நிறம் அதிகம் மாறாமல் ஓடியதைப் பார்த்து நிஜமாகவே சந்தோஷப்பட்டேன். ஒரு நல்ல படலம் என்றால் இதுதான்.

பிரச்சினை தங்கத்தில் தொடங்குகிறது. ஆனால் ஒளிக்குத் தங்கம் வேண்டும். வெறும் பாலி கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் திருப்பி அனுப்பும். தங்கமோ தொலைத்தொடர்பு இழைகளில் ஓடும் 1550 நானோமீட்டர் ஒளியில் 95 சதவீதத்துக்கு மேல் திருப்பும், சிவப்பிலும் நன்றாகவே இருக்கும். நீலத்துக்கு மட்டும் உதவாது. ஆகவே கண்ணாடி என்றால் தங்கம் போட்டே ஆக வேண்டும். அந்தத் தங்கமோ இழுப்போடு வந்து உட்காருகிறது. ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும். 50 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொண்டால் நடுவாக இருக்கும். கீழே ஆக்சைடு இருக்கும்வரை ஒன்றும் தெரியாது, எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். அமிலத்தில் ஆக்சைடு கரைந்து கண்ணாடி விடுபட்ட அந்த நொடியில், மேலே இருக்கும் தங்கம் சுருங்கப் பார்க்கும், கீழே இருக்கும் பாலி விடாது. வெயிலில் ஒரு பக்கம் மட்டும் முதலில் காய்ந்த அப்பளம் ஓரத்தைத் தூக்கிக்கொள்கிறதே, அதே கதைதான். ஓரங்கள் மேலே எழும்பி, தட்டையாக வரைந்த கண்ணாடி குழியாடி ஆகிவிடுகிறது.

எவ்வளவு வளையும்? இதற்குக் கணக்கு 1909இலேயே இருக்கிறது. ஜெரால்டு ஸ்டோனி என்ற பொறியாளர், தேடுவிளக்குகளின் கண்ணாடிப் பிரதிபலிப்பான்களில் வெள்ளிப் பூச்சைப் பாதுகாக்க அதன் மேல் மின்முலாமாகப் போட்ட செம்பு, வெள்ளியோடு சேர்ந்து உரிந்து வருவதைக் கவனித்தார். படிந்த உலோகத்துக்குள் இழுப்பு இருக்கிறது என்று பிடித்து, மெல்லிய எஃகு அளவுகோல்களின் ஒரு பக்கத்தில் நிக்கல் படியவைத்து, கோல் வளைந்ததிலிருந்து இழுப்பைக் கணக்கிட்டார். இன்றைக்கு உலகின் எல்லா சிப் ஆலைகளிலும் வேஃபர் வளைவை அளந்து தகைவு சொல்லும் கருவிகளுக்குள் ஓடுவது அந்தச் சூத்திரம்தான். ஒளிக்கண்ணாடி ஒன்றின் தொல்லையிலிருந்து பிறந்த கணக்கு, நூறு ஆண்டு கழித்து நம் கண்ணாடிக்கே திரும்பி வந்து உதவுகிறது. இதை நினைக்கும்போதெல்லாம் அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை கூடும்.

ஆனால் ஸ்டோனி சூத்திரத்தை அப்படியே இங்கே போடாதீர்கள். படலம், அடித்தளத்தைவிட மிக மெல்லியதாக இருந்தால்தான் அது செல்லும். இங்கே 1.5 மைக்ரான் பாலியின் மேல் 0.5 மைக்ரான் தங்கம், மூன்றில் ஒரு பங்கு. 50 மெகாபாஸ்கலுக்கு ஸ்டோனி கணக்கு சுமார் 3 மில்லிமீட்டர் வளைவு ஆரம் என்று சொல்லும். இரண்டு அடுக்குகளின் தடிமனையும் விறைப்பையும் முழுமையாகச் சேர்த்து, டிமோஷென்கோ 1925இல் ஈருலோகத் தகடுகளுக்கு எழுதிய வழியில் போட்டால் சுமார் 5.6 மில்லிமீட்டர் வருகிறது. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். நாங்கள் அளப்பவை இரண்டாவது கணக்கை ஒட்டியே வருகின்றன.

5.6 மில்லிமீட்டர் என்றால் என்ன அர்த்தம்? 100 மைக்ரான் அகலக் கண்ணாடியில் நடுவுக்கும் ஓரத்துக்கும் உயர வித்தியாசம் 0.22 மைக்ரான். சிவப்பு லேசரின் அலைநீளம் 0.633 மைக்ரான், அதில் மூன்றில் ஒரு பங்கு. நல்ல கண்ணாடிக்கு அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கமான எதிர்பார்ப்பு. அதாவது 100 மைக்ரானிலேயே தோற்றுவிட்டது. அகலத்தை 200 மைக்ரான் ஆக்கினால் இந்த உயர வித்தியாசம் நான்கு மடங்கு, 0.9 மைக்ரான். கற்றை விரிந்து போகும், இழைக்குள் திரும்ப நுழைய வேண்டிய ஒளி பாதி வழியிலேயே வீணாகும்.

எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, 200 மைக்ரான் கண்ணாடியை இன்டர்ஃபெரோமீட்டரில் பார்த்துவிட்டு, "அக்கா, வளையம் வளையமா வருது. இது குழியா, மேடா?" என்று கேட்டாள். சரியான கேள்வி. சிவப்பு ஒளியில் பார்க்கும்போது ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் உயர வித்தியாசம் அரை அலைநீளம், 316 நானோமீட்டர். அந்தக் கண்ணாடியில் கிட்டத்தட்ட மூன்று வளையங்கள் இருந்தன, ஆக 0.9 மைக்ரான், கணக்கோடு ஒத்துப்போகிறது. ஆனால் குழி என்றாலும் மேடு என்றாலும் வளையம் ஒன்றுபோலத்தான் இருக்கும். லென்ஸை மெதுவாக மேலே தூக்கச் சொன்னேன். வளையங்கள் நடுவிலிருந்து விரிந்து ஓரத்துக்கு நகர்ந்தன. ஓரம்தான் உயரம், அதனால் குழியாடி. மேடாக இருந்திருந்தால் நடுவை நோக்கிச் சுருங்கியிருக்கும். "அப்போ தங்கம் இழுக்குதுக்கா" என்றாள். அந்த ஒரு நிமிடத்தில் அவளுக்குப் புரிந்ததை நான் வகுப்பறையில் புரியவைக்க ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கற்றுக்கொள்வதற்கு பாலிமம்ப்ஸ் சில்லைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பது கஷ்டம் என்று நான் சொல்வது இதனால்தான்.

பெரிய தகடுகளில் இன்னொரு வேடிக்கை உண்டு. வளைவு, தகட்டின் தடிமனோடு ஒப்பிடும் அளவுக்கு வளர்ந்துவிட்டால், தகடு கிண்ணம்போல எல்லாத் திசையிலும் ஒரேபோல வளைவதை விட்டுவிட்டு, ஒரு திசையில் மட்டும் உருளைபோலச் சுருள ஆரம்பிக்கும். கொலராடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே செயல்முறையில் செய்த சதுரத் தகடுகளில் இதைக் காட்டியிருக்கிறார்கள். எந்தத் திசையில் சுருளும் என்பதைச் சிறு குறைபாடுகள் தீர்மானிக்கும். குழியாடி என்றால் ஒரு லென்ஸ் வைத்துச் சரிக்கட்டலாம். உருளையாகிவிட்டால் ஒளியைச் சீர்செய்வது பெரும்பாடு. தங்கம் போட்ட மேல் பாலியில் பெரிய கண்ணாடி வேண்டாம் என்று சொல்ல எனக்கு இது இன்னொரு காரணம்.

அடுத்து வெப்பம். வாங்குகிறவர்கள் அதிகம் யோசிக்காத விஷயம் இது. தங்கம் ஒரு டிகிரிக்கு விரிவது பத்து லட்சத்தில் 14 பங்கு, சிலிக்கான் 3க்கும் குறைவு. இந்த வித்தியாசத்தால், வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் தங்கத்தின் இழுப்பு சுமார் 1.5 மெகாபாஸ்கல் குறையும். மொத்த இழுப்பே 50 என்றால், அறையில் ஏ.சி. நின்று எட்டு டிகிரி ஏறினாலே வளைவில் கால்வாசி போய்விடும். அறையைவிட முப்பத்து மூன்று டிகிரி அதிகமானால் கண்ணாடி தட்டையாகிவிடும், அதற்கும் மேலே போனால் மறுபக்கம் வளையும். காலையில் சரியாக்கிய குவியம் மதியம் நழுவியிருந்தால் லேசரைக் குற்றம் சொல்வதற்கு முன் அறை வெப்பமானியைப் பாருங்கள். சில்லைப் பெல்டியர் தகட்டின் (மின்சாரத்தால் சூடாக்கவும் குளிர்விக்கவும் முடிகிற தகடு) மேல் உட்காரவைத்து வெப்பநிலையைப் பிடித்து நிறுத்துவது ஆடம்பரமல்ல, அவசியம். இன்னொரு பக்கம், இதையே வசதியாகவும் ஆக்கிக்கொள்ளலாம். தகட்டைக் கொஞ்சம் சூடாக்கிக் கண்ணாடியைத் தட்டையாக்கி வேலை வாங்குவதை நாங்கள் சோதனைகளுக்குச் செய்கிறோம்.

அதிகச் சூடு மட்டும் ஆகாது. ஒருமுறை எங்கள் சில்லுகளை வெளியே ஒரு பேக்கேஜிங் நிறுவனத்திடம் கொடுத்தோம், பெயர் வேண்டாம். 80 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்று தாளில் எழுதியே கொடுத்திருந்தோம். அவர்கள் வழக்கமான எபாக்சியைப் போட்டு 150 டிகிரியில் சுட்டு அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்த கண்ணாடிகளில் வளையங்கள் நெருங்கி, எண்ணிக்கை கூடியிருந்தது. நடந்தது இதுதான்: சூட்டில் தங்கம் விரியப் பார்க்கும், பாலி தடுக்கும், தங்கத்துக்குள் இப்போது நெருக்கம். அந்த வெப்பநிலையில் தங்கம் மென்மை. துகள்கள் ஒன்று சேர்ந்து வளர்ந்து, நெருக்கத்தைத் தளர்த்திக்கொள்ளும். பிறகு ஆறும்போது, தளர்ந்த நிலையிலிருந்து சுருங்குவதால், முன்பிருந்ததைவிடக் கூடுதல் இழுப்போடு உறையும். பழைய வளைவு திரும்ப வராது. பணமும் போயிற்று, ஒரு பருவ வேலையும் போயிற்று. அவர்கள் அதற்குப் பொறுப்பேற்கவும் இல்லை.

இதைத் தவிர்க்கும் வழி உண்டு. சாதனம் தன் வாழ்நாளில் பார்க்கப்போகும் அதிகபட்ச வெப்பநிலைக்குக் கொஞ்சம் மேலே நீங்களே முதலில் சுட்டுவிடுங்கள். வளைவு கூடும்தான், ஆனால் அதன் பிறகு அந்த வெப்பநிலைக்குள் எத்தனை முறை ஏற்றி இறக்கினாலும் ஏறக்குறைய ஒரே கோட்டில் போய் ஒரே கோட்டில் திரும்பும். கூடிய வளைவை வடிவமைப்பில் முன்பே சேர்த்துக்கொள்ளலாம். மாறாத வளைவோடு வாழ முடியும். நாளுக்கு நாள் மாறும் வளைவோடு முடியாது.

இனி, எப்படி வரைவது. என் அனுபவத்தில் பாலிமம்ப்ஸில் நல்ல கண்ணாடிக்கு ஒரே வழி, இரண்டு நகரும் பாலிகளையும் சேர்ப்பது. நடுவில் இருக்கும் 0.75 மைக்ரான் ஆக்சைடை வயா மாஸ்க்கில் (இரு பாலிகளையும் இணைக்கும் திறப்புக்கான மாஸ்க்) திறந்துவிட்டால், மேல் பாலி நேராகக் கீழ் பாலியின் மேல் படிந்து, 3.5 மைக்ரான் ஒரே தகடாகிவிடும். அதே 50 மெகாபாஸ்கல் தங்கத்துக்கு வளைவு ஆரம் 5.6 மில்லிமீட்டரிலிருந்து சுமார் 21 மில்லிமீட்டருக்குப் போகிறது. 100 மைக்ரான் கண்ணாடியில் வித்தியாசம் 0.06 மைக்ரானுக்குக் கீழே, அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டோம். மாஸ்க்கில் ஒரு சதுரம் கூடுதலாக வரைவதற்கு இவ்வளவு பலன் வேறெங்கும் கிடைக்காது. இன்னொரு வழி, ஆக்சைடைத் திறக்காமல் ஓரத்தை மட்டும் பாலியால் மூடி உள்ளேயே அடைத்துவிடுவது. தடிமன் 4.25 மைக்ரான். ஆக்சைடுக்குள் நெருக்கம் உண்டு என்று சிலர் பயப்படுவார்கள். ஆனால் அது தகட்டின் நடுப்பகுதியை ஒட்டி இருப்பதால், அங்கே இருக்கும் நெருக்கம் தகட்டை வளைக்க அதிகம் உதவாது. ஓரம் சரியாக மூடாமல் அமிலம் உள்ளே போய்விடும் ஆபத்துதான் உண்மையான கவலை. மூடும் விளிம்பை விதி சொல்வதைவிடத் தாராளமாக வரையுங்கள்.

தங்கத்தைக் கண்ணாடி முழுக்க விரிக்கவும் தேவையில்லை. கற்றை விழும் இடத்தில் மட்டும் போதும். கீல்களில் தங்கம் ஏறவே கூடாது. மெல்லிய கீல் வளைந்தால் கண்ணாடி முழுவதுமே சாய்ந்து நிற்கும்.

கீல் என்றதும் அந்த 10 மெகாபாஸ்கல் பாலி நெருக்கம் நினைவுக்கு வருகிறது. சின்ன எண்தான், ஆனால் இரண்டு முனையும் பிடித்துவைத்த நீளக் கம்பியில் அது போதும். 2 மைக்ரான் தடிமன் பாலியில் கணக்குப் போட்டால், சுமார் 460 மைக்ரான் நீளத்தைத் தாண்டிய கம்பி தாங்காமல் மேலோ கீழோ புடைத்துவிடும். நெருக்கம் 20 என்றால் 325 மைக்ரானிலேயே. இரு பக்கமும் கீல் வைத்து நடுவில் கண்ணாடி தொங்கும் வடிவத்தில், கீலும் கண்ணாடியும் சட்டமும் சேர்ந்த மொத்த நீளம் இந்த எல்லையை எளிதாகத் தாண்டும். கீலை மடித்து மடித்து வரைந்து, நெருக்கம் வெளியேற இடம் கொடுங்கள்.

வளைவு எல்லா நேரமும் எதிரியும் அல்ல. 300 மைக்ரான் நீளக் கை ஒன்றில் தங்கம் போட்டால் அதன் நுனி சுமார் 8 மைக்ரான் மேலே எழும்பும். அந்த நுனியில் கண்ணாடியைக் கோத்துவிட்டால், மோட்டார் இல்லாமல், கையால் தொடாமல், கண்ணாடி தரையிலிருந்து உயர்ந்து நிற்கும். கீழே சாய்வதற்கு இடம் கிடைக்கும். பெல் ஆய்வகத்தில் லூசென்ட்டின் ஒளி ஸ்விட்சுக்காக 2000ஆம் ஆண்டுவாக்கில் செய்த, இரண்டு அச்சுகளில் சாயும் கண்ணாடிகள் இந்த உத்தியில் எழும்பியவைதான்: பாலியின் மேல் குரோமியமும் தங்கமும் போட்ட கைகள், அமிலத்திலிருந்து வெளியே வரும்போது தாமாகவே கண்ணாடிச் சட்டத்தைத் தூக்கிவிடும். எச்சத் தகைவை இவ்வளவு அழகாக வேலை வாங்கிய இன்னொரு உதாரணம் எனக்குத் தெரியாது. பாலிமம்ப்ஸில் இதே உத்தியைச் சின்ன அளவில் செய்து பார்க்கலாம், எங்களுக்கு ஒழுங்காகவே எழும்பியது.

சேவையின் மற்ற பக்கங்களைச் சுருக்கமாக. சில்லுகள் ரெசிஸ்ட் என்ற பாதுகாப்புப் பூச்சு மூடி, ஆக்சைடு கரைக்காமல் வரும், வழியில் சேதமாகாது. கரைப்பது நம் வேலை, இல்லையென்றால் கூடுதல் கட்டணத்தில் அவர்களே செய்து தருவார்கள். ரெசிஸ்டைக் கரைப்பானில் நீக்கி, 49 சதவீத ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் ஒன்றரை முதல் இரண்டு நிமிடம், பிறகு சுத்த நீர், பிறகு ஆல்கஹால், கடைசியில் 110 டிகிரி அடுப்பில் பத்து நிமிடமாவது. அமிலம் உயிருக்கே ஆபத்தானது. புகைக்கூண்டு, தடித்த கையுறை, பக்கத்தில் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் இல்லாமல் தொடாதீர்கள். கண்ணாடி செய்பவர்களுக்கு என் பரிந்துரை, அடுப்பை விட்டுவிட்டு மிகைமாறுநிலைக் (திரவம், வாயு என்ற வேறுபாடு மறையும் நிலை) கார்பன் டை ஆக்சைடில் உலர்த்துவது. நீர் வற்றும்போது கண்ணாடியைக் கீழே இழுத்துத் தரையில் ஒட்டவைத்துவிடும் தொல்லை இல்லை. தங்கத்தை அந்தக் கூடுதல் சூட்டிலிருந்து காப்பாற்றியதாகவும் ஆகும், மேலே சொன்ன கதைக்குப் பிறகு இது உங்களுக்கே புரிந்திருக்கும்.

குறை என்று நான் சொல்ல வேண்டியவை இரண்டு. ஒன்று, படலங்களை நடுவில் மெருகிட்டுச் சமப்படுத்துவது இந்தச் செயல்முறையில் இல்லை. கீழே ஒரு மின்முனையின் விளிம்பு இருந்தால், அந்தப் படிக்கட்டு மேலே கண்ணாடியில் அப்படியே தெரியும். ஆகவே கண்ணாடிக்குக் கீழே எந்த விளிம்பும் வராதபடி மின்முனையைக் கண்ணாடியைவிடப் பெரிதாக வரைய வேண்டும். இன்னொன்று, அமிலம் உள்ளே போகப் பெரிய தகட்டில் 30 மைக்ரானுக்கு ஒன்றாகத் துளைகள் வேண்டும். துளைகள் ஒழுங்கான வரிசையில் இருப்பதால் ஒளியைப் பக்கவாட்டில் சிதறடிக்கும். சிறிய கண்ணாடிக்குத் துளை இல்லாமலேயே சமாளிக்கலாம், பெரியதற்கு முடியாது. இரண்டும் கையேட்டிலேயே ஒளிவுமறைவில்லாமல் சொல்லப்பட்டவை. அந்தக் கையேட்டை மனதாரப் பாராட்ட வேண்டும். நான் படித்த தயாரிப்புக் கையேடுகளில் இவ்வளவு தெளிவானது குறைவு. ஒவ்வொரு ஓட்டத்திலும் அளந்த படலத் தடிமனையும் தகைவையும் வெளியிடுகிறார்கள் என்பது அதைவிடப் பெரிய விஷயம்.

பெரிய கண்ணாடி, அரை மில்லிமீட்டர், ஒரு மில்லிமீட்டர் வேண்டுமென்றால் இங்கே வராதீர்கள். அதே குடும்பத்தின் சோய்மம்ப்ஸ் சேவையில் 10 அல்லது 25 மைக்ரான் தடிமன் ஒற்றைப் படிகச் சிலிக்கான் கிடைக்கும். 25 மைக்ரானில் அதே அளவு தங்கத்துக்கு வளைவு ஆரம் முக்கால் மீட்டரை ஒட்டி வரும், மில்லிமீட்டர் இல்லை, மீட்டர். நகரும் அடுக்கு ஒன்றுதான், பாலிமம்ப்ஸ்போல அடுக்கடுக்காகக் கட்டும் சுதந்திரம் கிடையாது. மெருகிட்டுச் சமமாக்கிய பல அடுக்குப் பாலி வேண்டுமென்றால் அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகத்தின் சம்மிட் செயல்முறை இருக்கிறது, கண்ணாடிக்கு அது இன்னும் பொருத்தம். ஆனால் முதல் முயற்சிக்கு நான் பாலிமம்ப்ஸையே சொல்வேன்.

கொடுப்பதாக இருந்தால், லேயவுட்டின் ஒரு மூலையை உங்கள் சாதனத்துக்குக் கொடுக்காமல் அளவுக் கட்டமைப்புகளுக்கு ஒதுக்குங்கள். தங்கம் போட்ட கைகள் 100, 200, 300 மைக்ரான் நீளங்களில். பக்கத்திலேயே தங்கம் இல்லாதவை. இரு முனையும் பிடித்த கம்பிகள் 200இலிருந்து 600 மைக்ரான்வரை படிப்படியாக, எது முதலில் புடைக்கிறது என்று பார்க்க. வெளியிடப்படும் எண்கள் வேஃபரின் சராசரி. உங்கள் டையில் தங்கம் எவ்வளவு இழுக்கிறது என்பதை உங்கள் டைதான் சொல்லும். கண்ணாடிகளில் பாதியை 3.5 மைக்ரான் சேர்ப்புத் தகட்டிலும், ஒரு கால்பங்கை ஆக்சைடு அடைத்த தகட்டிலும், மீதியை அகலம் மாற்றி மாற்றியும் வரையுங்கள். 15 டைகளில் இரண்டையாவது கரைக்காமல் நைட்ரஜன் பெட்டியில் வைத்துவிடுங்கள். பின்னாளில் தங்கம் மாறியதா, நீங்கள் அளக்கும் விதம் மாறியதா என்று சந்தேகம் வந்தால் அவற்றைக் கரைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.